குளத்துக்குப் பக்கத்து மனையும் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ சேவையும்: ஒரு மதிப்புரை

தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறை ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்ற பெயரில் நடத்தும் நிலப் பதிவு இணையச் சேவையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள்: பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை அது விரைவாகக் காட்டுகிறதா, அச்செடுக்க முடிகிறதா என்பதே அது. அந்த அளவில் இச்சேவை நன்றாகவே தேறும். நான் இங்கே வைக்கும் கேள்வி வேறு. வாங்க நினைக்கும் மனை ஏரி, குளம், ஓடை, சதுப்பு நிலம் ஆகியவற்றுக்குள்ளோ, கட்டுமானத்தைத் தடுக்கும் விதிகள் எட்டக்கூடிய தொலைவிலோ இருக்கிறதா என்பதை இந்தச் சேவையைக் கொண்டு ஒருவர் தெரிந்துகொள்ள முடியுமா? தென்சென்னைப் புறநகரில், மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடைப்பட்ட பகுதியில் மனை பார்த்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவருக்காக இதைப் பயன்படுத்தியதில் எனக்குக் கிடைத்த முடிவு இது: நீர்நிலை எது என்பதை அறிய இச்சேவை மிக நன்றாக உதவும், நீர்நிலையின் விளிம்பு எது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. நம்முடைய விதிகளில் பல அந்த விளிம்பிலிருந்துதான் அளக்கத் தொடங்குகின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவை கையில் இருந்தால் போதும், கட்டணமின்றி அ-பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். மனை வாங்குபவர்கள் பட்டாவையும் சிட்டாவையும் பார்த்துவிட்டு இதைத் திறப்பதே இல்லை. நீர்நிலை குறித்த கேள்விக்கோ, பட்டாவைக் காட்டிலும் அ-பதிவேடுதான் பேசும். பட்டா, ஒருவர் பெயரில் என்னென்ன நிலம் இருக்கிறது என்று சொல்கிறது. அ-பதிவேடு, கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணும் என்ன நிலம் என்று சொல்கிறது. அதில் அரசு நிலமா, ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) என்ற பத்தியும், நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என நிலத்தின் வகையைக் காட்டும் பத்தியும், பாசன ஆதாரத்துக்கான பத்தியும், பழைய புல உட்பிரிவு எண்ணும், கடைசியில் குறிப்பு என்ற பத்தியும் உண்டு. ஏரி, குளம், குட்டை, ஓடை, வாய்க்கால், கழுவெளி, மேய்க்கால் என்பன போன்ற சொற்கள் பெரும்பாலும் அந்தக் குறிப்புப் பத்தியில்தான் கிடைக்கும். விற்பவர் தரும் வண்ணக் கையேட்டில் ‘ஏரி பார்த்த மனை’ என்று அச்சிட்டிருப்பார்கள். அ-பதிவேட்டில் பார்த்தால் அந்த ஏரி எந்தப் புல எண், எத்தனை ஹெக்டேர் என்பது வரை தெரிந்துவிடும்.

புறம்போக்கு நிலத்தைச் சரிபார்ப்பதற்கென்றே தனிப் பக்கமும் இருக்கிறது. ஒரு புல எண் அரசு நிலம்தானா என்று ஒரே கேள்வியில் அறிய அது பயன்படும். ஆனால் அங்கே வரும் பதிலோடு நிம்மதியடைந்து எழுந்துவிடுவது தவறு. பார்த்த மனையே ஏரிப் புறம்போக்கில் இருப்பது அரிது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு அரசு நிலங்களுக்கான பத்திரங்களைப் பதிய மறுக்கும் அதிகாரத்தைச் சார்பதிவாளருக்குத் தந்திருப்பதால், வெளிப்படையான புறம்போக்கை விற்பது இன்று எளிதன்று. சிக்கல் வருவது பக்கத்துப் புல எண்ணிலிருந்துதான்.

ஆகவே இச்சேவையை நான் பரிந்துரைக்கும் முறை இது. மனையின் புல எண்ணுக்குரிய புலப்படத்தை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தின் வெளிக்கோட்டைச் சுற்றிலும் அடுத்தடுத்துள்ள புல எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அ-பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்; ஒரு சுற்று முடிந்தால் அதற்கு வெளியே இன்னொரு சுற்று. சலிப்பான வேலைதான். ஆனால் இப்படிப் பார்க்கும்போதுதான், ‘வடக்கே காலி இடம்’ என்று பத்திரத்தில் கண்ட எல்லை உண்மையில் வாய்க்கால் புறம்போக்கு என்பதும், மனைப்பிரிவுக்குச் செல்லும் அகலமான மண்சாலை ஓடையின் மேல் போடப்பட்டது என்பதும் வெளிப்படும். நீளமாக, ஒடுங்கிய நாடா வடிவில் இரண்டு மூன்று புலங்களைக் கடந்து செல்லும் அரசுப் புல எண்ணைக் கண்டால், அது பாதையாக இருக்கலாம் அல்லது நீர்வழியாக இருக்கலாம். குறிப்புப் பத்தி பெரும்பாலும் அதைத் தீர்த்துவைக்கும். தாசில்தார் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கிராம நிர்வாக அலுவலரின் தயவில் பார்க்க வேண்டியிருந்த பதிவேட்டை வீட்டிலிருந்தே இப்படிப் புரட்ட முடிவது சிறிய மாற்றமன்று. இந்த ஒன்றுக்காகவே சேவைக்கு உயர்ந்த மதிப்பெண் தரத் தயங்கமாட்டேன்.

இனி அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்ப்போம். ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017, நடுவண் அரசு கொண்டுவந்தவை. அவற்றின் 4ஆம் விதி, ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் ஆக்கிரமிப்பதையும் கழிவு கொட்டுவதையும் தடைசெய்வதோடு, படகுத்துறை தவிர்த்த நிரந்தரக் கட்டுமானம் எதையும் 50 மீட்டருக்குள் அனுமதிப்பதில்லை. அந்த 50 மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது? விதிகள் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட பத்து ஆண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து. அதாவது தண்ணீர் எதுவரை ஏறியதோ அந்தக் கோட்டிலிருந்து. நமது அ-பதிவேட்டிலோ புலப்படத்திலோ அப்படி ஒரு கோடே கிடையாது. அவை வரி விதிப்பதற்காகவும் உடைமையை வரையறுப்பதற்காகவும் எழுந்த ஆவணங்கள். அவற்றில் உள்ள எல்லைகள் கல் நட்ட எல்லைகள். ஒரு புலத்தின் கல்லெல்லை கோடையிலும் ஐப்பசியிலும் ஒரே இடத்தில் இருக்கும். வெள்ள மட்டம் அப்படி இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆற்றுப் படுகை, நெல் வயல், குடிநீருக்காக மனிதர் கட்டிய நீர்நிலை, பாசனத்துக்காகவும் மீன் வளர்ப்புக்காகவும் உப்பு உற்பத்திக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கட்டப்பட்ட அமைப்பு ஆகியவை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. தமிழகத்தின் ஏரிகளில் மிகப் பெரும்பான்மை பாசனத்துக்காகக் கரை போட்டுக் கட்டியவை என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த விலக்கு எவ்வளவு அகலமானது என்பது புரியும். நூற்றாண்டுகளாகப் பறவைகள் வந்து தங்கும் ஏரியானாலும், ராம்சர் பட்டியலிலோ (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல் அது) அரசின் அறிவிக்கையிலோ இடம்பெறாதவரை 50 மீட்டர் விதி அதற்குத் தானாகப் பொருந்தாது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் கரைவெட்டியும் ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டதற்குப் பறவைகளைத் தாண்டியும் ஒரு பொருள் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். தமிழ்நாட்டில் 2025 வரை அப்படி அறிவிக்கப்பட்டவை 20. உச்ச நீதிமன்றம் தன் பங்குக்கு, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்புள்ள ஈரநிலங்களை நேரில் சரிபார்த்து எல்லை குறிக்கும் பணியை மாநிலங்கள் முடிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையிட்டது. ஆனால் நான் வாங்க நினைக்கும் புல எண்ணுக்குப் பக்கத்து ஏரி இவற்றில் எந்த வகையில் அடங்குகிறது, அல்லது எதிலுமே அடங்கவில்லையா என்பதற்கான பத்தி அ-பதிவேட்டில் இல்லை.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி வாங்குபவரின் பணத்தில் எப்படிப் பாயும் என்பது தெரியும். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, தென்சென்னையின் பல ஏரிகளை நிரப்பிவிட்டு இந்தச் சதுப்பு நிலத்தில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. சதுப்பின் ஒரு பகுதி, 317 ஹெக்டேர், 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாயிற்று. இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். காப்புக்காட்டு நிலம் வனத்துறையின் பதிவேட்டில் ஐயத்துக்கு இடமின்றி இருக்கும். மற்றப் பரப்பிலோ பல்வேறு அரசுத் துறைகளின் நிலமும் தனியார் பட்டா நிலமும் கலந்து கிடக்கின்றன. ராம்சர் எல்லைக்குள் வரும் பட்டா நிலத்தை இந்த இணையச் சேவையில் தேடினால், அது ரயத்துவாரி என்றும், இன்னார் பெயரில் பட்டா இருக்கிறது என்றும்தான் சொல்லும். அது பொய்யன்று. ஆனால் அந்த நிலத்தில் வீடு கட்ட முடியுமா என்ற கேள்விக்கு அது பதிலுமன்று.

எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2017 விதிகள் ‘தாக்க மண்டலம்’ என்ற ஒன்றைப் பேசுகின்றன: நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்தப் பங்கில் நடக்கும் வளர்ச்சிப் பணிகள் ஈரநிலத்துக்குக் கேடு செய்யுமோ அந்தப் பங்கு. அது எதுவரை என்பதை அறிவியல்முறைப்படி ஆராய்ந்துதான் வரைய வேண்டும். பள்ளிக்கரணைக்கு அந்த ஆய்வு முடியும்வரை, ராம்சர் எல்லைக்குள்ளும் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் கட்டுமான அனுமதி வழங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஒரு கிலோமீட்டர் என்பது அந்தப் பகுதியில் எத்தனை தெருக்கள், எத்தனை அடுக்ககங்கள் என்பதை அங்கே வசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்தவர்களும் கடன் ஒப்புதல் பெற்றவர்களும் திட்ட அனுமதிக்காகக் காத்திருந்தவர்களும் ஒரே நாளில் இந்த வட்டத்துக்குள் வந்தார்கள். ஆணைகள் மேல்முறையீட்டில் மாறக்கூடியவை என்பதால் வாங்கும் நாளில் நிலவரம் என்ன என்பதை ஒரு வழக்கறிஞர் வழியே பார்த்துக்கொள்ள வேண்டும். நிலப் பதிவுச் சேவை இதைக் காட்டாததை அதன் குறையாகச் சொல்ல முடியுமா என்று கேட்டால், பாதி முடியும் என்பேன். நீதிமன்ற ஆணைகளைத் தொடர்ந்து பதிவது வருவாய்த் துறையின் வேலையன்று. ஆனால் ராம்சர் எல்லை அறிவிக்கப்பட்ட ஒன்று. எந்தெந்தப் புல எண்கள் அதற்குள் வருகின்றன என்பதைக் குறிப்புப் பத்தியில் ஒரு வரியாகச் சேர்ப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

சதுப்பு நிலத்தைவிட ஏரியின் கதை சிக்கலானது, ஏனெனில் ஏரியின் பரப்பு என்பதே கலங்கலின் உயரத்தைப் பொறுத்தது. கலங்கல் வழியே நீர் வழியத் தொடங்கும் மட்டம் முழு நீர்மட்டம். பெருவெள்ளத்தில் அதற்கும் மேலே சிறிது நேரம் நீர் நிற்கும் மட்டம் வேறு. இந்த மட்டத்துக்குள் அடங்கும் நிலம் முழுவதும் ஏரிப் புறம்போக்காக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல ஏரிகளின் உள்வாயில், கரைக்கு எதிர்ப்புறமாக நீர் பரவி நிற்கும் சரிவான ஓரத்தில், பட்டா நிலங்கள் உண்டு. தண்ணீர் வற்றிய பிறகு பயிரிட்டுக்கொள்வது பழைய வழக்கம். அந்த நிலங்கள்தான் இன்று மனைப்பிரிவுகளாகின்றன. அ-பதிவேட்டில் பார்த்தால் புஞ்சை, தீர்வை இவ்வளவு, பட்டா எண் இது என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். அடைமழைக் காலத்தில் ஏரி நிரம்பினால் வரவேற்பறையில் தண்ணீர் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் உள்வாய் மனைகள் விலைபோய்க்கொண்டுதான் இருக்கின்றன, பட்டா சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால்.

ஏரியைக் காக்கும் சட்டம் தமிழகத்துக்குத் தனியாகவே உண்டு. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி, ஏரியின் எல்லையை அளந்து, வரைபடம் தயாரித்து, அறிவிக்கை வெளியிட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து அகற்ற வேண்டும். ஆனால் இச்சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்து இன்று நீர்வளத் துறையிடம் உள்ள ஏரிகளுக்கானது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்குக் குறைந்த சிறு பாசன ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ளன. ஊருணிகளும் குட்டைகளும் ஊராட்சியின் பொறுப்பு. ஒரே சாலையின் இரு புறமும் உள்ள இரண்டு நீர்நிலைகளுக்கு இரண்டு வெவ்வேறு அதிகாரிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அ-பதிவேடு இரண்டையும் அரசு நிலம் என்று ஒரே மாதிரி சொல்லும்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தெலங்கானாவின் தலைநகரம் இருக்கிறது. ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையம் தன் எல்லைக்குட்பட்ட ஏரிகளுக்கெனத் தனி இணையதளம் வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஏரிக்கும் ஓர் அடையாள எண், முதற்கட்ட அறிவிக்கை, இறுதி அறிவிக்கை, புல எண்களின் மேல் முழு நீர்மட்டக் கோடு வரையப்பட்ட வரைபடம் ஆகியவற்றை அங்கே பார்க்கலாம். அங்கு விதியும் எளியது: 10 ஹெக்டேரும் அதற்கு மேலுமான ஏரி என்றால் முழு நீர்மட்ட எல்லையிலிருந்து 30 மீட்டர், அதற்குக் குறைந்தது என்றால் 9 மீட்டர், கட்டுமானம் இல்லை. எல்லா ஏரிகளுக்கும் இறுதி அறிவிக்கை வந்துவிடவில்லை. 2024இல் ஆக்கிரமிப்புகளை அகற்றும் அரசு அமைப்பான ஹைட்ரா இடிப்புப் பணிகளைத் தொடங்கியபோது எழுந்த வழக்குகள் அந்தக் குறையையும் வெளிப்படுத்தின. இருந்தாலும், எங்கிருந்து அளப்பது என்ற கேள்விக்கு வாங்குபவரின் கையில் ஒரு படம் கிடைக்கிறது. விதியை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்குப் பெங்களூரு உதாரணம். ஏரிகளுக்கு 75 மீட்டர் இடைவெளி என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் விதித்ததை உச்ச நீதிமன்றம் 2019இல் நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தொலைவுக்குள் மனை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை அந்நகரத்து ஆட்கள் சொல்வார்கள்.

நம் சேவையில் இன்னொரு வரம்பும் உண்டு. இணையத்தில் கிடைப்பது நடப்புப் பதிவு. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டில் ஒரு புலம் என்னவாக இருந்தது என்பது இங்கே தெரியாது. நீர்நிலை வழக்குகளில் நீதிமன்றங்கள் தேடுவதோ அந்தப் பழைய வகைப்பாட்டைத்தான். உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் குளத்து நிலத்தை வீட்டுமனைகளாக ஒதுக்கியதை 2001இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றபோது, குளம் வற்றிப்போயிருந்தது என்ற வாதம் ஏற்கப்படவில்லை. ஆகவே இன்றைய பட்டா ஒன்றின் பின்னால் பழைய குட்டை ஒன்று இருந்தால், அது என்றைக்காவது எழுந்து வரலாம். பழைய புல எண்ணுக்கான பத்தி அ-பதிவேட்டில் இருப்பதால் தேடலைத் தொடங்கும் நுனியாவது கிடைக்கிறது. அதற்கு மேல் வட்டாட்சியர் அலுவலகத்தின் பதிவறைக்குத்தான் போக வேண்டும்.

பயன்பாட்டு வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எல்லாம் இருக்கிறது. கைப்பேசிக்கு வரும் கடவுச்சொல்லை உள்ளிட வேண்டும். பல புல எண்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பவருக்கு அது அலுப்பூட்டும். நகர நில அளவை நடந்த பகுதிகளில் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று முறை மாறிவிடுவதால், பத்திரத்தில் உள்ள பழைய கிராமப் புல எண்ணை அப்படியே உள்ளிட்டால் எதுவும் வராது. முதலில் இணை எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். புலப்படத்தைக் கைப்பேசித் திரையில் படிக்க முயல வேண்டாம், அச்செடுத்துக்கொள்வது நல்லது. நிலப் பயன்பாட்டு மண்டலத்தை அறியச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் தளத்தைத் தனியே திறக்க வேண்டும். அங்கே ‘குடியிருப்பு’ என்று வந்தாலும் மேலே சொன்ன வெள்ள மட்டக் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பக்கத்துப் புல எண்களை எல்லாம் புரட்டிப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு அது நான்கு. பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவருக்கு இரண்டுகூட இல்லை. மனைக்கு அருகே ஏரி இருப்பது தெரிந்துவிட்டால், அதைப் பராமரிக்கும் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்தில் அந்த ஏரியின் விவரப் பதிவேடான டேங்க் மெமாயரைக் கேட்க வேண்டும்; முழு நீர்மட்டம், பெருவெள்ள மட்டம், கொள்ளளவு, ஆயக்கட்டு எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம். பதிலுக்கு முப்பது நாள் கெடு. பிறகு உரிமம் பெற்ற நில அளவையர் ஒருவரைக் கொண்டு மனையின் தரைமட்டத்தை எடுத்து, அந்த இரண்டு மட்டங்களோடும் ஒப்பிட வேண்டும். விற்பவர் முப்பது நாள் காத்திருக்க மறுத்தால், அவருக்கு அந்த மட்டங்கள் முன்பே தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.